ஊரைப் பெயரில் சுமந்தவர்கள்



எங்கள் ஊருக்கு ஒரு மனிதரின் பெயரை இட்டிருக்கிறார்கள். மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சன் துரையின் பெயர் அது. ராபர்ட்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்த எங்களுள் அந்தத் துரையின் முகத்தைப் படத்திலேனும் கண்டவர்கள் மிகச் சிலர். ஆயினும் கடித உறையின்மேல் முகவரி எழுதும்போதெல்லாம் அவரை நினையாமலே அவர் பெயரை எழுதி வருகிறோம். இதற்கு நேர்மாறாக, ஊரின் பெயரைத் தம் பெயராகத் தாங்கிய மனிதர்களும் உண்டு. அத்தகையோர் இருவரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒருவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவரை உங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர் பஞ்சாபியர், சித்து மூசேவாலா என்பது அவர் விளங்கிய பெயர். பஞ்சாபில் மான்சா மாவட்டத்து மூசா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 'மூசா ஊர்க்காரர்' என்பதே அப்பெயரின் பொருள். தாளத்தின்மேல் பேச்சையே பாட்டாக ஓட்டும் 'ராப்' என்னும் இசையில் வல்லவர். தமிழில் இதனைச் 'சொல்லிசை' என்று சிலர் வழங்குகின்றனர். பொருத்தமான சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்யாணசுந்தரம் 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் தம் 29-ஆவது வயதில் மறைந்தார். மூசேவாலா 2022-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் தம் 28-ஆவது வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவருக்குமிடையே மொழியில்லை, உறவில்லை, காலத்தாலும் அறுபதாண்டு இடைவெளி. ஆனால் என் வீட்டில் இருவரை முன்னிட்டும் கண்ணீர் சிந்தப்பட்டிருக்கிறது. சிந்தியவர்களுள் ஒருவன் நான். மற்றவன் என் பேரன்.

முதலில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடாற்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து தங்கவயலுக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களுள் அவரும் ஒருவர். நிலத்துக்கு அடியில் வேலை. கூண்டில் இறங்கினால் மேலே வரும் வரையில் வெளிச்சம் என்பது தலையில் மாட்டிய விளக்கு மட்டுமே. எங்கள் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றவை. கீழே பாறை கொதிக்கும். சில நாள் பாறை வெடிக்கும். அப்போது மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். அவ்வோசை கேட்டவுடன் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வருவார்கள். எவர் வீட்டு ஆண் அந்த நேரத்தில் கீழே இருக்கிறார் என்று ஒருவரையொருவர் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும்.

தந்தையாருக்கு எழுத்துத் தெரியாது. பாட்டின்மீது மட்டும் பெருவிருப்பு. திரைப்படக் கொட்டகை வாயிலில் அக்காலத்தில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மெல்லிய காகிதம், மங்கிய அச்சு. படம் பார்க்கக் காசு இல்லாத வாரத்திலும் புத்தகத்தை வாங்கி வந்துவிடுவார். இரவு உணவுக்குப்பின் நான் அதைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டையும் படித்து முடித்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "யார் எழுதியது, பார்." நடித்தவர் யார், பாடியவர் யார் என்று கேட்டதே இல்லை. அப்படித்தான் எனக்குப் பத்து வயதில் கல்யாணசுந்தரத்தின் பெயர் தெரிந்தது. பள்ளியில் எந்தப் புலவரையும் நான் அறிவதற்கு முன்பே அவரை அறிந்தேன்.

வானொலி நிலையத்திலிருந்தே இதைச் சொல்வது சற்றுக் கூச்சமாக இருக்கிறது, ஆயினும் மறைக்கலாகாது. அக்காலத்தில் இந்தப் பாட்டுகளை எங்களுக்குக் கொடுத்தது நம் வானொலி அன்று. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது 1952 முதல் திரைப்பாட்டு நம் நிலையங்களில் ஒதுக்கி வைக்கப்பட்டது. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கிய பின்னரே கதவு திறந்தது. அதுவரையில் தேநீர்க் கடை வானொலிப் பெட்டியின் முள் இலங்கையை நோக்கியே நின்றது. கடைக்காரர் அதை வேறு பக்கம் திருப்ப எவரையும் விட்டதில்லை.

கல்யாணசுந்தரம் தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் பிறந்தவர். உழவர் குடி. பள்ளிப் படிப்பு மிகச் சிறிது. வயல் வேலை முதலாகப் பல தொழில்கள் பார்த்தவர். நாடகக் குழுவில் நடித்தவர். உழவர் இயக்கத்தில் ஈடுபட்டவர். புதுவையில் பாரதிதாசனிடம் இருந்து பயின்றவர். திரைத்துறையில் அவர் இயங்கியது ஐந்தாறு ஆண்டுகளே. அதற்குள் 'நாடோடி மன்னன்', 'பதிபக்தி', 'பாகப்பிரிவினை' என்று வரிசையாகப் படங்கள். 1959-இல் வெளிவந்த 'கல்யாணப் பரிசு' படத்தின் பாட்டுகள் அனைத்தும் அவருடையவை. காதல் தோற்றவன் அழுகையையும் எழுதினார், கைத்தொழிலாளி கோபத்தையும் எழுதினார். இரண்டிலும் சொற்கள் ஒன்றே; தெருவில் புழங்கும் சொற்கள். அகராதி தேட வேண்டிய சொல் ஒன்றுகூட எனக்கு அவர் பாட்டில் அகப்பட்டதில்லை. படிக்கத் தெரியாத என் தந்தையாரும் ஒரு முறை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடுவார்.

அவர் மறைந்த செய்தியைத் தேநீர்க் கடையில் செய்தித்தாளிலிருந்து நான்தான் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு முறை படிக்கச் சொன்னார். வயது எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அதற்குள் வேலைக்கு அழைக்கும் சங்கு ஊதிவிட்டது. எழுந்து நடந்தார். சோற்றுத் தூக்குக் கடைப் பலகையின்மேலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அவர் எதையும் மறப்பவர் அல்லர்.

அழுவாரோ என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. ஆனால் அடுத்த பொங்கலுக்கு நிகழ்ந்ததை அன்று நாங்கள் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. இறந்தவர் புதுப் பாட்டோடு வந்தார்! 1960-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெமினியின் 'இரும்புத்திரை' வெளியாயிற்று. ஆலைத் தொழிலாளர் கதை. சில வாரங்களுக்குப்பின் எங்கள் ஊருக்கு வந்தது. அதிலே திருச்சி லோகநாதன் குரலில் கல்யாணசுந்தரத்தின் பாட்டு ஒன்று. மாதச் சம்பளம் வாங்கியவன் கையில் அது நிற்காமல் கரைந்து போகும் விதத்தைச் சொல்வது. சம்பள நாளில் கடன் கொடுத்தவர்கள் எங்கே காத்திருப்பார்கள் என்று அறிந்தவர்களே அன்று கொட்டகை நிறைய இருந்தார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் தந்தையார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "யார் எழுதியது?" என்றார். அவருக்குத் தெரியும். என் வாயால் கேட்க விரும்பினார் போலும்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் தந்தையார் காலமானார். இருமல் நெடுநாளாக இருந்தது. சடங்குகள் முடிந்தன; உறவினர் ஊருக்குத் திரும்பினர். நான் அழவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன். "நீதான் இனி வீட்டுக்குப் பெரியவன்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியவர்கள் அழலாம் என்பதை அவர்களுள் ஒருவரும் சொல்லவில்லை.

1961-இல் 'அரசிளங்குமரி', 'திருடாதே' ஆகிய இரு படங்கள் வெளிவந்தன. இரண்டிலும் கல்யாணசுந்தரத்தின் பாட்டு உண்டு. இரண்டிலும் பெரியவர் ஒருவர் சிறுபிள்ளை ஒன்றுக்குப் புத்தி சொல்லுவதாக ஒரு பாட்டு அமைந்திருக்கிறது. கவிஞர் மறைந்தபோது அவர் வீட்டில் அவ்வாண்டு பிறந்த ஆண் குழந்தை ஒன்று இருந்தது. இதை நான் பல ஆண்டுகள் கழித்தே படித்து அறிந்தேன். அன்று கொட்டகையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், திரையில் செளந்தரராஜன் குரலில் யாரோ ஒரு சிறுவனை நோக்கிப் பேசுகிறார், அச்சிறுவன் நான் என்பதே. எழுதியவரும் இல்லை, "யார் எழுதியது" என்று கேட்கிறவரும் இல்லை. அப்போதுதான் அழுதேன். பாட்டு முடிந்து, சண்டைக் காட்சி வந்து, சனங்கள் கைதட்டுகிறபோதும் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த முதியவர் ஒன்றும் கேளாமல் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் மண்ணெண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. அவரும் கீழே இறங்குகிறவர்தான்.

அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டதில்லை. எங்கேனும் ஒலித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். வெறுப்பினால் அன்று. எல்லாரும் கேட்கும் பாட்டாக அது எனக்கு இல்லாமற் போயிற்று.

காலம் ஓடிற்று. நான் பள்ளி ஆசிரியனானேன். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கு நின்றது. நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டியதாயிற்று என்று எங்கள் தெருவில் ஒரு பாட்டி சொன்னார். சயனைடு மேடுகள் மட்டும் வெள்ளைக் குன்றுகளாக நிற்கின்றன. காற்றடித்தால் அவற்றின் தூசி வீட்டுக்குள் வருகிறது. தந்தையர் பூமிக்குள் இறங்கியதுபோல் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் இரயிலேறலாயினர். விடியுமுன் புறப்பட்டுப் பெங்களூரில் வேலை பார்த்து இருட்டிய பின் திரும்புவது. என் மகனும் அப்படியே இருபது ஆண்டுகள் போய் வந்தான். 2021-ஆம் ஆண்டு மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், பெங்களூரில் இறந்தான். எங்களுக்கு முகம் காட்டவில்லை. காட்ட இயலாத நாட்கள் அவை; எவரையும் குறை சொல்வதற்கில்லை.

ஓராண்டு சென்றது. 2022 மே மாத இறுதியில் ஒரு நாள் என் பேரன் வேலைக்குப் போகாமல் கட்டிலில் கிடந்தான். கைப்பேசியில் அந்தப் பஞ்சாபிப் பாடகரின் படம். கண்கள் சிவந்திருந்தன. விஷயம் தெரிந்ததும் எனக்குச் சினம் வந்தது. பெற்ற தகப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை! "அவன் பாட்டில் ஒரு சொல்லாவது உனக்குப் புரியுமா? துப்பாக்கியும் வண்டியும் பெருமையும் பேசுகிறவனாமே! அவனுக்காக அழுகிறாயே" என்று கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஆசிரியர்களுக்கே உரிய குற்றம் அது. கேட்பதற்கு முன் திருத்துவது.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "தாத்தா, அவர் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா?" என்றான். அப்போதுதான் மூசா என்னும் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பேரனோடு பெங்களூரில் வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பன் பாட்டுகளுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தானாம். அந்த மனிதர் லூதியானாவில் பொறியியல் படித்தவர். கனடா நாட்டில் சில காலம் வாழ்ந்து, உலகெங்கும் பெயர் பெற்ற பின்னும் தம் சிற்றூருக்கே திரும்பி வீடு கட்டிக்கொண்டவர். "பெங்களூரில் எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தாத்தா. கே.ஜி.எஃப். பையன் என்கிறார்கள். சிலர் சொல்லும் விதத்தில் அது வசைபோல் இருக்கும். இவர் தம் ஊரைத் தாமே பெயரில் வைத்துக்கொண்டு மேடையில் தொடையைத் தட்டிக் கையை உயர்த்துவார். அப்பாவுக்கும் காட்டியிருக்கிறேன். அப்பாவுக்குப் பிடித்தது" என்றான்.

கடைசிச் சொற்களைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஓராண்டுக்கு முன் அவனுக்கு இருபத்து மூன்று வயது. அன்று அவனிடமும் எல்லோரும், "நீதான் இனி வீட்டுக்குப் பெரியவன்" என்றே சொல்லியிருந்தார்கள். அவர்களுள் முதலாமவன் நான்.

அன்றுமுதல் பேரனின் துணையோடு அந்தப் பாடகரைப் பற்றிப் படிக்கலானேன். அமெரிக்காவில் டூப்பாக் ஷகூர் என்ற ராப் பாடகர் இருந்தார். 1996-ஆம் ஆண்டு செப்டம்பரில், 25-ஆவது வயதில், காரில் சென்றபோது சுடப்பட்டு இறந்தார். அவருக்காக இன்றும் உருகுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர் இறக்கும்போது பிறந்திராதவர்களும் அவர்களுள் அடங்குவர். மூசேவாலாவும் அவரைப் போற்றியவர். தாம் இறப்பதற்கு இரு வாரங்களுக்கு முன் வெளியிட்ட பாட்டின் முகப்பில் டூப்பாக் சுடப்பட்ட அந்தக் காரின் படத்தையே வைத்திருந்தார். பிறகு தாமும் காரில் சென்றபோதே மான்சாவை அடுத்த ஜவாஹர்கே என்னும் ஊரருகே சுடப்பட்டார். 2021-இல் அவர் வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பு '295'. இறந்தது 29-ஆம் தேதி, ஐந்தாம் மாதம். ரசிகர்கள் இதனைப் பெரிதாகப் பேசுகின்றனர். எண்களில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் இறந்தவர் முன்பே அறிந்திருந்தார் என்று நினைப்பதில் உயிரோடு இருப்பவர்க்கு ஏதோ ஓர் ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலை மறுக்க எனக்கு மனமில்லை.

அவருடைய பாட்டுகளில் துப்பாக்கி வருவது உண்மைதான். அது எனக்கு இன்றும் உடன்பாடில்லை, பேரனிடம் மறைத்ததுமில்லை. கல்யாணசுந்தரத்தை வைத்த இடத்தில் இவரை நான் வைக்க மாட்டேன். ஆனால் இடம் ஒதுக்குவது நான் அல்லேன். அவர் உடலைத் தம் ஊரில், தம் குடும்பத்து வயலிலேயே எரியூட்டினார்கள். அந்த வயலுக்கு மக்கள் வந்துகொண்டே இருந்தனர். 2022-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், இறந்து ஒரு மாதம்கூட நிறையுமுன், பஞ்சாபின் ஆற்று நீரைப் பற்றிய அவரது புதுப் பாட்டு வெளியாயிற்று. பேரன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்தான். சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இறந்தவர் புதுப் பாட்டோடு வருவது எப்படியிருக்கும் என்பது எனக்கு விளங்கும். இரும்புத்திரை ஓடிய கொட்டகையைப் பற்றி அன்றிரவுதான் முதன்முறையாக அவனுக்குச் சொன்னேன். துண்டு கொடுத்த முதியவரைப் பற்றியும் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "கொள்ளுத்தாத்தாவுக்குப் பிடித்தது உங்களுக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது தெரியும். அப்பாவுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், தாத்தா?"

எனக்கு விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தோம். அவன் விடியுமுன் போவான், இருட்டிய பின் வருவான், உண்பான், உறங்குவான். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் மறைந்தபோது அவன் மாலையில் வாசலில் ஓர் அகல் ஏற்றி வைத்தது நினைவுக்கு வந்தது. எதற்கு என்று நான் அன்று கேட்கவில்லை.

மறு வாரம் பேரனும் நானும் மாரிக்குப்பம் நிலையத்துக்குப் போய், என் மகனோடு ஒரே பெட்டியில் பயணம் செய்தவர்களைத் தேடினோம். கிடைத்தவர்கள் மூவர். என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். "உங்கள் மகன் பாடுவாரே, ஐயா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஒருவர். பாலசுப்பிரமணியத்தின் பாட்டுகளைத்தான் பாடுவானாம். மாரிக்குப்பத்தில் வண்டி புறப்பட்டதும் தொடங்குவான். மற்றவர்கள் பலகையில் தாளம் போடுவார்கள். பங்காரப்பேட்டை வந்தால் நிறுத்திவிடுவான். அங்கே வேற்று ஊர்க் கூட்டம் ஏறிவிடும். அவர்கள் முன் பாட அவனுக்கு வெட்கம்.

எந்தப் பாட்டு என்று பேரன் கேட்டான். மூவரும் மூன்று பாட்டுகளைச் சொன்னார்கள். எது முதலில் பாடுவது என்பதில் அவர்களுக்குள் சிறு தகராறே உண்டாயிற்று. அதற்குள் வண்டி புறப்படும் நேரம் ஆகிவிட்டது. பேரன் என்னை நடைமேடையில் விட்டுவிட்டு அவர்களோடு ஏறிக்கொண்டான்.